குழந்தைகள் அறையில் எந்தச் செடி வைக்கலாம்?

கேள்வி: சிங்கப்பூரில், செங்காங்கில் நாலறை வீட்டில் இருக்கிறோம். ஆறு வயது மகனும் ஒன்றேமுக்கால் வயது மகளும் ஒரே அறையில் படுக்கிறார்கள். செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று மகன் எங்கோ கேட்டுவிட்டு வந்து நச்சரிக்கிறான். மாமியார் கொடுத்த மணி பிளாண்ட் ஒன்று கண்ணாடிப் புட்டியில் வளர்கிறது. அதையே அந்த அறையில் வைக்கலாமா? இரவில் செடி கரியமில வாயு விடும், பிள்ளைகளுக்கு ஆகாது என்கிறார் வீட்டுக்காரர்.

பதில்: மணி பிளாண்ட் வேண்டாம். தூக்கிப் போடவும் வேண்டாம். மகளுக்கு எட்டாத உயரத்தில், கூடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் வருத்தப்பட்டால் காரணத்தைச் சொல்லுங்கள், சட்டென்று பிடிபடும். சேனைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்குமே, அந்த அரிப்பைத் தரும் அதே பொருள்தான் மணி பிளாண்ட் இலையிலும் தண்டிலும் இருக்கிறது: கால்சியம் ஆக்சலேட். நுண்ணோக்கியில் பார்த்தால் கட்டுக்கட்டாக ஊசிகள் தெரியும். இலையைக் கடித்தால் அந்த ஊசிகள் உதட்டிலும் நாக்கிலும் குத்தும். எரியும், எச்சில் ஒழுகும், சில நேரம் வீங்கவும் செய்யும். முதல் கடியிலேயே பிள்ளை துப்பிவிட்டு அழுவதால் பெரும்பாலும் அதற்குமேல் போவதில்லை. ஆனாலும், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயதில் அந்தச் சோதனை எதற்கு?

சேனை, சேம்பு, மணி பிளாண்ட் மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். வீட்டுக்குள் நிழலில் வளரும் என்று இங்கே விற்கப்படும் செடிகளில் இந்தக் குடும்பத்தார் ஏராளம். பீஸ் லில்லி, மான்ஸ்டெரா, ஃபிலோடெண்ட்ரான், கலேடியம், ஆந்தூரியம், இசட்இசட் பிளாண்ட், சீனப் புத்தாண்டுக்குக் குவியும் அக்லோனிமா எல்லாம் இதில் அடக்கம். இவற்றில் நான் அதிகம் அஞ்சுவது டிஃபன்பாக்கியாவுக்கு. நாக்கு வீங்கிப் பேச்சே எழாமல் போகும் என்பதால் ஆங்கிலத்தில் அதற்கு ஊமைக் கரும்பு என்ற பொருளில் பேர் வைத்திருக்கிறார்கள். ஸ்நேக் பிளாண்ட் இந்தக் குடும்பம் அல்ல. ஆனால் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். திருஷ்டிக்கு வாசலில் தொங்கும் கற்றாழையின் தோலுக்கடியில் இருக்கும் மஞ்சள் பாலும் பேதிக்குத்தான் பேர்போனது.

இவையெல்லாம் அழவைக்கும் செடிகள். உயிருக்கே உலை வைப்பவை வேறு, அவை பெரும்பாலும் படுக்கையறையில் இருக்காது, வாசலுக்கு வெளியே நடைபாதையில் இருக்கும். அரளியை நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடினியத்தைச் சொல்ல வேண்டும். அடிபருத்து, இளஞ்சிவப்பாகப் பூக்கும் அழகான செடி, புத்தாண்டு நேரத்தில் பல வீட்டு வாசலில் நிற்கும். அது அரளிக்கு உறவு. பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. ஆப்பிரிக்காவில் வேடர்கள் அம்பு முனையில் அந்தப் பாலைத் தடவினார்கள். அடுத்தது சைகஸ். பனை மாதிரி இருக்கும், பனை அல்ல. கல்லீரலைக் கெடுக்கும், அதன் விதை மிக மோசம். முள்ளும் பாலுமாக நிற்கும் யூஃபோர்பியா நம் கள்ளி இனம், பால் கண்ணில் படக்கூடாது. உங்கள் வாசலிலோ அடுத்த வீட்டு வாசலிலோ இவற்றில் எதுவும் இருந்தால், மகள் தனியாக வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செடியே இல்லாமல் விஷம் வீட்டுக்குள் வரும் வழி ஒன்றும் உண்டு. பல்லாங்குழி ஆடவோ சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கவோ ஊரிலிருந்து குண்டுமணி கொண்டுவந்திருப்போம். கறுப்புக் கண்ணுள்ள அந்தச் சிவப்பு விதைக்குள் அப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. ஓடு கெட்டியாக இருப்பதால் முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ, கோப்பதற்காகத் துளையிட்டிருந்தாலோ கதை வேறு. இங்கே மரத்தடியில் பிள்ளைகள் பொறுக்கும் சாகா விதை இதுவல்ல. அது பெரியது, முழுக்கச் சிவப்பு. இரண்டையுமே மகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்; சாகா விதைகூட தொண்டையில் சிக்கும்.

சரி, எதை வாங்குவது? எனக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லவேண்டும் என்றால் ஸ்பைடர் பிளாண்ட். நச்சு கிடையாது, ஒரு வாரம் தண்ணீர் மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும், ஏர்கானில் வாடிப்போகாது. கொஞ்சம் வளர்ந்ததும் நீளக் கொடி விட்டு நுனியில் குட்டிச் செடிகளைத் தொங்கவிடும். அதில் ஒன்றைக் கிள்ளி மண்ணில் ஊன்றினால் வேர் பிடித்துக்கொள்ளும். ஆறு வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல வேலை வேறு கிடையாது. மேசைமேல் வைக்கச் சிறிதாக ஏதாவது வேண்டுமென்றால் பெப்பரோமியா. சன்னல் வெளிச்சம் நன்றாக இருந்தால் அரிக்கா பாம், ஆனால் அது ஆள் உயரத்துக்கு வளர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். சாலையோரத் தூங்குமூஞ்சி மரக்கிளைகளில் தானாக வளர்கிறதே, பறவைக்கூடு போன்ற பெரணி, அதுவும் நஞ்சற்றதுதான். கலாத்தியா பாதுகாப்பானது, அழகானது, ஆனால் இரவெல்லாம் ஏர்கான் ஓடும் அறையில் இலை ஓரம் கருகிக்கொண்டே இருக்கும். எனக்கு அதோடு பொறுமை இல்லை. கற்பூரவல்லிக்கு வெயில் வேண்டும், அது சமையலறைச் சன்னலோரம் இருக்கட்டும்.

கடையில் செல்லப்பெயரை நம்பாதீர்கள். பணச்செடி என்று கேட்டால் உங்கள் வீட்டு மணி பிளாண்ட்டையும் தருவார்கள், பக்கிராவையும் தருவார்கள், பைலியாவையும் தருவார்கள். பின்னிரண்டும் நஞ்சற்றவை. தாவரவியல் பெயரைக் கேட்டு வாங்கி, தேசியப் பூங்காக் கழகத்தின் தாவர இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். வாங்கிய செடியில் பூச்சிமருந்து இருக்கலாம். இலையைக் கழுவி, சில வாரம் வெளியே வைத்துவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். நஞ்சற்ற செடி என்றால் மென்று தின்னலாம் என்று அர்த்தமில்லை.

செடியைவிடத் தொட்டியைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். தொங்கும் கொடியை மகள் இழுத்தால் பீங்கான் தொட்டி தலையில் விழும். இலேசான பிளாஸ்டிக் தொட்டி போதும். சன்னலுக்குக் கீழே தொட்டியோ முக்காலியோ வைக்கவே வேண்டாம், ஏறிவிடுவாள். கம்பி இருந்தாலும் சரி. மண்ணின் மேலே போடும் கூழாங்கல், களிமண் உருண்டை, மெதுவாகக் கரையும் உர மணிகள் எல்லாம் அவள் கண்ணுக்கு மிட்டாய். எல்லாவற்றையும்விட, பூக்குவளையில் போடும் வண்ணத் தண்ணீர் மணிகள் வீட்டில் இருந்தால் இன்றே தூக்கிப் போடுங்கள். உலர்ந்த மணி ஜவ்வரிசி அளவில் இருக்கும். விழுங்கிவிட்டால் குடலுக்குள் நீரை உறிஞ்சிப் பல மடங்கு உப்பி வழியை அடைத்துவிடும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது.

கண்ணாடிப் புட்டியில் தண்ணீரில் வளர்ப்பதில் இன்னொரு சிக்கல், டெங்கி. ஏடிஸ் கொசுவுக்கு இருபது காசு நாணயம் அளவு தண்ணீரே போதும், முட்டை கொசுவாக ஒரு வாரம்தான். கூடத்துக்கு மாற்றினாலும் தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி, புட்டியின் உட்புறத்தையும் வேரையும் கழுவுங்கள். இல்லையென்றால் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். தொட்டித் தட்டில் நீர் நிற்கவிடாதீர்கள், இறுகிய மண்ணைக் கிளறிவிடுங்கள். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்து கொசுப்புழுவைக் கண்டுபிடித்தால் 200 வெள்ளி அபராதம்.

இனி மகனும் அப்பாவும். இருவர் சொல்வதிலும் துளி உண்மை உண்டு, துளிதான். காற்றைச் சுத்தம் செய்யும் கதை 1989ல் நாசா வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அது மூடிய சிறு பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்த சோதனை. பின்னாளில், 2019ல், இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டவர்கள், கட்டடத்தில் இயல்பாக வந்துபோகும் காற்று செய்யும் வேலைக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வேண்டும் என்று கண்டார்கள். பத்து சதுர மீட்டர் அறைக்குக் குறைந்தது நூறு தொட்டி! சன்னலைத் திறந்துவிடுங்கள், புகைமூட்ட நாளில் மட்டும் காற்றுச் சுத்திகரிப்பான். இரவில் செடி கரியமில வாயு விடுவது உண்மை. ஆனால் ஒரு பெரியவர் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு விடுகிறார். ஒரு தொட்டிச் செடி விடுவது கணக்கிலேயே வராது. பக்கத்தில் தூங்கும் அண்ணன் விடும் மூச்சைவிடச் செடி தங்கைக்குக் கெடுதல் செய்துவிடாது. பிள்ளைகளில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் மட்டும் கவனம் தேவை. ஈரமான மண்ணில் பூஞ்சை வரும், தண்ணீரைக் குறைத்து ஊற்றுங்கள்.

மகள் எதையாவது கடித்துவிட்டால் வாயில் இருப்பதை விரலால் எடுத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொஞ்சம் குடிக்கக் கொடுங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள். செடியின் பால் கண்ணில் பட்டால் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கழுவ வேண்டும். நாக்கு வீங்கினாலோ, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகினாலோ, மூச்சு இழுத்தாலோ 995ஐ அழைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அடினியம், அரளி, சைகஸ், மென்ற குண்டுமணி என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கடித்த இலையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்; மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.