பைண்டிங்கிற்குப் போன புத்தகம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். தாத்தா இறந்துபோவதைச் சொல்லும் படக்கதை ஒன்றை மூன்றாம் வகுப்புச் சிறுமி வீட்டுக்கு எடுத்துப்போனாள். மறுநாள் அவள் அம்மா வந்து, “ராத்திரி முழுக்க அழுதாள். இந்த வயதில் சாவைப் பற்றி எதற்குப் படிக்க வேண்டும்?” என்று கேட்டார். தலைமை ஆசிரியர், “எதற்கு வம்பு, எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்” என்றார். பீரோவில் வைத்துப் பூட்டினேன். போன வாரம் ஒரு பையன் அதே புத்தகத்தைக் கேட்டான். பைண்டிங்கிற்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை. வாங்கும்போதும் எத்தனையோ புத்தகங்களை வேண்டாம் என்று ஒதுக்குகிறேன், அதை நூல் தேர்வு என்கிறார்கள். அப்படியானால் இது மட்டும் தணிக்கையா? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பெயர் வெளியிட வேண்டாம்.
ஓர் ஆசிரியை

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

பைண்டிங் என்ற சொல் வந்த இடத்தில் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். வாங்காமல் விட்ட புத்தகங்களுக்காக நீங்கள் எந்தக் குழந்தையிடமும் பொய் சொன்னதில்லை. இந்தப் புத்தகத்துக்காகச் சொல்ல வேண்டி வந்திருக்கிறது. நீங்கள் கேட்கும் வித்தியாசத்தில் பாதி அங்கேயே இருக்கிறது.

மீதிப் பாதியை லெஸ்டர் ஆஷைம் என்ற அமெரிக்க நூலகவியலாளர் 1953ல் ஒரு கட்டுரையில் எழுதினார். தேர்வு செய்பவர் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் இதை வைத்துக்கொள்ள என்ன காரணம் உண்டு என்று தேடுகிறார். குறை கண்ணில் பட்டாலும் நிறைகளோடு சேர்த்து முழுப் புத்தகமாக எடைபோடுகிறார். தணிக்கை செய்பவர் தள்ளுவதற்குக் காரணம் தேடுகிறார். ஒரு படம், ஒரு சொல் சிக்கினால் போதும், அவர் வேலை முடிந்தது. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

இதை உங்கள் பீரோவுக்குப் பொருத்திப் பாருங்கள். அந்தப் படக்கதையை வாங்கிய நாளில் உங்களிடம் காரணங்கள் இருந்திருக்கும். படங்கள் நன்றாக இருந்திருக்கும், வாக்கியங்கள் சின்னதாக இருந்திருக்கும், உரக்கப் படிக்கத் தோதாக இருந்திருக்கும். அவற்றில் ஒன்றும் இன்று பொய்யாகிவிடவில்லை. ஒரு தாய் கோபத்தோடு வந்து போனார், அவ்வளவுதான் நடந்தது. புத்தகம் அப்படியேதான் இருக்கிறது.

தொடக்கப்பள்ளி நூலகத்தில் தேர்வு இல்லாமல் தீராது. இடமும் பணமும் எப்போதும் குறைவு. ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் நடுவில் இருக்கிற தூரம் பெரியவர்களின் எந்த நான்கு ஆண்டிலும் கிடையாது. எழுத்து எவ்வளவு பெரியது, பக்கத்துக்கு எத்தனை வரி, படமும் வரியும் ஒன்றையே சொல்கின்றனவா, மொழிபெயர்ப்பை வாய்விட்டுப் படித்தால் நாக்கு இடறுகிறதா, பத்துப் பேர் கைமாறினால் தையல் தாங்குமா என்றெல்லாம் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வயதுக்கு ஏற்றதா என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் அதைச் சொல்லியிருக்கும் விதத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். ஒரு கொலையை அணு அணுவாக விவரிக்கும் நூலை நீங்கள் வாங்காமல் விட்டால் உங்கள் பக்கம் நான் நிற்பேன். சாவு என்ற பொருளையே தள்ளிவைத்தால் நிற்கமாட்டேன். சாவு குழந்தை இருக்கும் வீடு என்று பார்த்து விலகிப்போவதில்லை.

நீக்குவதும் நூலகருக்கு உரிய வேலைதான். 2006ல் புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து குறுங்கோள் என்று மாற்றினார்கள். ஒன்பது கோள்கள் என்று சொல்லும் வானியல் புத்தகத்தை நீங்கள் எடுத்துவிட்டால் பதிவேட்டில் ‘தகவல் பழையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால் உட்காரவைத்துச் சொல்லலாம். சரி, இந்தப் படக்கதைக்கு நேராகப் பதிவேட்டில் என்ன எழுதுவீர்கள்? ‘தலைமை ஆசிரியருக்கு வம்பு வேண்டாம்’ என்றா? எழுதக் கூசும் காரணத்தால் ஒரு புத்தகம் தட்டிலிருந்து போகிறதென்றால் அதைத் தணிக்கை என்றே சொல்வேன்.

இதற்காக உங்களை மட்டும் நீங்கள் நொந்துகொள்ள வேண்டாம். தணிக்கை என்றால் நமக்கு அரசாங்கமும் நீதிமன்றமும்தான் நினைவுக்கு வரும். மார்ஜரி ஃபிஸ்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் கலிபோர்னியாவின் பள்ளி நூலகங்களிலும் பொது நூலகங்களிலும் செய்த ஆய்வு 1959ல் வெளியானது. அவர் கண்டது வேறு. யாரும் புகார் சொல்வதற்கு முன்பே, சர்ச்சை வரும் என்று தோன்றிய நூல்களைப் பல நூலகர்கள் தாங்களாகவே வாங்காமல் விட்டிருந்தார்கள். மொரீஸ் செண்டாக்கின் ‘இன் த நைட் கிச்சன்’ என்ற படநூல் 1970ல் வந்தது. அதில் ஒரு சின்னப் பையன் கனவில் ஆடையில்லாமல் மிதந்து போவான். சில நூலகர்கள் தூரிகையை எடுத்து அவனுக்கு இடுப்புத்துணி வரைந்துவிட்டார்கள். புத்தகத்தை உயிராக நினைக்கும் மனிதர்கள்தான் அதைச் செய்தார்கள். அவர்கள் கையில் தூரிகையைக் கொடுத்தது பயம். உங்கள் கையில் பீரோச் சாவியைக் கொடுத்ததும் அதுதான்.

பீரோ என்றதும் இன்னொரு படநூல் நினைவுக்கு வருகிறது. ஒரு வெள்ளை முயலும் ஒரு கறுப்பு முயலும் கல்யாணம் செய்துகொள்ளும் கதை. 1959ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வெள்ளையர், கறுப்பர் என்ற இனப்பிரிவினையை ஆதரித்தவர்கள் அதை எரிக்க வேண்டும் என்று கொதித்தார்கள். மாநில நூலகச் சேவையின் இயக்குநராக இருந்த எமிலி ரீட் அதைப் பொதுத் தட்டிலிருந்து தனி இருப்புக்கு மாற்றினார். ஆனால் கேட்ட நூலகங்களுக்குத் தர மறுக்கவில்லை. அந்தத் தனி இருப்பையே நான் முழு மனதோடு ஏற்கவில்லை. உங்கள் பீரோவில் அந்த வழிகூட இல்லை. உள்ளே புத்தகம் இருக்கிறது என்று அந்தப் பையனுக்குத் தெரியாது.

அழுத சிறுமியிடம் வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதேபோன்ற ஒரு கதையைப் படித்துக் காட்டினேன். தாத்தா இறக்கும் பக்கத்தில் என் குரல்தான் கம்மியது. முடித்ததும் முதலில் கைதூக்கிய பெண், “தாத்தாவோட நாய்க்கு இனிமே யாரு சாப்பாடு வைப்பா?” என்று கேட்டாள். அடுத்த அரைமணி நேரம் அந்த நாயை யாரிடம் விடுவது என்ற விவாதம் ஓடியது. ஒரு பையன் மட்டும் வாயே திறக்கவில்லை. எல்லாரும் போனபின் வந்து புத்தகத்தைப் பிரித்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை அழுதாள் என்பதாலேயே புத்தகம் அவளுக்குக் கெடுதல் செய்தது என்று ஆகாது. ஆனால் இரவெல்லாம் பிள்ளையைத் தேற்றிய தாயை எதிரியாக நினைத்துவிடாதீர்கள். தன் மகள் இதை இப்போது படிக்க வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. அதை மதித்து, அவள் பெயருக்கு நேரே குறித்துவையுங்கள். மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. அவரைக் கூப்பிட்டு முழுக் கதையையும் உடன் உட்கார்ந்து படியுங்கள். பல புகார்கள் ஒரு பக்கத்தைப் பார்த்து எழுபவை.

அதற்கும் சமாதானமாகாவிட்டால் புகாரை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு ஆசிரியர்களும் ஒரு பெற்றோரும் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு முடிவு சொல்லட்டும். அதுவரை புத்தகம் தட்டிலேயே இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சொன்ன முடிவைத் தலைமை ஆசிரியர் மதிக்கவும் வேண்டும். அமெரிக்காவில் ஒரு பள்ளி வாரியம் இப்படிக் குழு அமைத்துவிட்டு, அதன் பரிந்துரைகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் புத்தகங்களை நீக்கியது. மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். 1982ல் உச்ச நீதிமன்றம் பிளவுபட்டே தீர்ப்பளித்தது என்றாலும், அதில் முதன்மையான கருத்து ஒரு நூலின் சிந்தனை பிடிக்கவில்லை என்பதற்காகப் பள்ளி நூலகத்திலிருந்து அதை நீக்கக் கூடாது என்பது. எந்த அடிப்படையில் நூல் வாங்குகிறோம் என்று ஒரு பக்கத்தில் முன்கூட்டியே எழுதிவையுங்கள். தலைமை ஆசிரியரும் கையெழுத்திடட்டும். அடுத்த முறை ஒருவர் கோபமாக வரும்போது நீங்கள் தனியாக நிற்கவேண்டியிருக்காது.

புத்தகத்தை நாளைக்கே வெளியே எடுங்கள். அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கையில் கொடுங்கள். பைண்டிங்கிலிருந்து வந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். “நான்தான் எடுத்து வைத்திருந்தேன். வைத்திருக்கக் கூடாது” என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்பான். கேட்டால் அதையும் சொல்லுங்கள்.