தியேட்டரில் தூங்கலாமா? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

மூன்று வருஷமாக நீங்கள் எழுதுவதைப் படிக்கிறேன், நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற கட்டிங்கில் இருக்கிறேன். சினிமாவைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. மாதம் ஒரு படம், குடும்பத்தோடு வேலூருக்கு வந்து பார்ப்போம், முடிந்ததும் வெளியே சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். பையனுக்குச் சண்டைப்படம் வேண்டும், வீட்டில் அவளுக்குக் காதல் படம் வேண்டும், எனக்கு ஏ.சி. இருந்தால் போதும்.

என் பிரச்சினை என்னவென்றால், சண்டைப்படத்தில் நான் தூங்கிவிடுகிறேன். ‘லியோ’வில் தூங்கினேன், ‘ஜெயிலர்’ இரண்டாம் பாதியில் தூங்கினேன். அவ்வளவு சத்தத்தில் எப்படித் தூங்குகிறாய் என்று பையன் சிரிக்கிறான். எனக்கு அந்தச் சண்டையெல்லாம் வயிற்றுத் தோல் மாதிரி இருக்கிறது, இழுக்க இழுக்க வருகிறது. ‘கூலி’யில் தூங்கவே வாய்ப்பில்லை, பையனுக்கு 13 வயது, ஏ சர்டிபிகேட் என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். மூன்று டிக்கெட் பணமும் போச்சு, பிரியாணி மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

காதல் படம் என்று ‘லவ் டுடே’, ‘டிராகன்’ இரண்டுக்கும் கூட்டிப்போனேன். நன்றாகத்தான் சிரித்தாள். வெளியே வந்து, “படம் நல்லாத்தான் கீது, லவ்வு எங்க கீது?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுக்குப் பிடித்தது ‘அமரன்’, அது சண்டைப்படம். எனக்குப் பிடித்தது ‘குட் நைட்’, அது குறட்டைப் படம். எங்களுக்கு ரசனை இல்லையா, இல்லை படங்கள்தான் மாறிவிட்டதா?

பெயர் போட வேண்டாம் அண்ணா, கம்பெனியில் ஓட்டுவார்கள்.

ஒரு வாசகன்,
ஆம்பூர்.

*

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் தூக்கம். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. சித்திரை வெயிலில் வேலூர்க்காரன் தியேட்டருக்குள் நுழைவதே பாதி ஏ.சி.க்காகத்தான், உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் கண் சொருகாவிட்டால்தான் உடம்பில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். (ஆம்பூர் 2019இலிருந்து திருப்பத்தூர் மாவட்டம் என்று யாராவது திருத்த வருவார்கள். நமக்கு எல்லாம் ஒரே வட ஆற்காடுதான்.)

ஆனால் சத்தத்தில் எப்படித் தூக்கம் வருகிறது என்று உங்கள் பையன் கேட்கிறானே, அது நல்ல கேள்வி. உங்கள் கம்பெனியிலேயே பார்த்திருப்பீர்கள், மெஷின் ஓடும்போது பக்கத்தில் ஒருத்தன் அசந்து தூங்குவான், கரண்ட் போய் மெஷின் நின்றதும் திடுக்கென்று எழுந்து உட்காருவான். ஏறி இறங்காத சத்தம் தாலாட்டு மாதிரிதான். 2024இல் ‘கங்குவா’ வந்தபோது சத்தம் தாங்கவில்லை என்று எல்லோரும் புலம்பி, தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களிடம் வால்யூமை 2 புள்ளி குறைத்து வையுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. வால்யூமைக் குறைத்துவிடலாம் சரி, எந்த இடத்தில் அமைதி வேண்டும் என்று தெரியாமல் எடுத்த படத்தை எந்த ஆபரேட்டர் எந்தக் குமிழைத் திருகிச் சரிசெய்வார்?

வயிற்றுத் தோல் என்று எழுதியிருந்தீர்களே, அதை இரண்டு தடவை படித்தேன். முதுகுப் பக்கத்துத் தோல் கெட்டியாக நிற்கும், வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இழுபடும், அதனால் ஷூவில் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத்தான் அதை வெட்டுவார்கள் என்று எங்கள் தெருவில் ஒரு கட்டிங் மாஸ்டர் எனக்குச் சொல்லியிருக்கிறார். இப்போதைய சண்டைப்படத்தில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், வயிற்றுத் தோலை முகப்பில் வைத்துத் தைத்துவிடுகிறார்கள். முப்பது பேர் வருகிறார்கள், விழுகிறார்கள், இன்னும் முப்பது பேர். விழுகிறவன் யார் என்று தெரியாது, அடிக்கிறவனுக்கு வலிக்காது. யாருக்கும் வலிக்காத சண்டையை எதற்கு முழித்துக்கொண்டு பார்க்க வேண்டும்?

‘கைதி’ பார்த்தீர்களா? 2019 தீபாவளிக்கு வந்தது. கதாநாயகி கிடையாது, பாட்டு கிடையாது, மொத்தக் கதையும் ஒரே ராத்திரி. நம் ஊர் வழியாகப் பெங்களூர் ரோட்டில் விடிய விடியப் போகும் லாரிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன் நான், அதனால் எனக்கு அந்தப் படம் கொஞ்சம் கூடுதலாகவே ஒட்டிக்கொண்டது. பத்து வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன் பிரியாணியை அள்ளி அள்ளித் தின்கிற காட்சி ஒன்று வரும். ஆம்பூர்க்காரருக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் கை போகிற வேகத்திலேயே பத்து வருஷப் பசி தெரியும். அப்புறம் போகிற வழியில் கூட வரும் போலீஸ் அதிகாரியிடம் தன் மனைவியைப் பற்றிப் பேசுவான். ஃபிளாஷ்பேக் கிடையாது, அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடக் காட்டமாட்டார்கள், கார்த்தி பேசுகிறார், நாம் கேட்கிறோம், அவ்வளவுதான். சமீபத்தில் வந்த முக்கால்வாசிக் காதல் படங்களில் இல்லாத காதல் அந்தச் சில நிமிஷத்தில் இருக்கிறது. ஆமாம், கடைசியில் அதிலும் ஒரு ராட்சசத் துப்பாக்கி வந்து எல்லோரையும் சுட்டுத் தள்ளுகிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் அந்த ஆளை நமக்குத் தெரிந்துவிட்டது, மகளைப் பார்க்கப் போகிறான் என்பது தெரியும், அதனால் தூக்கம் வருவதில்லை. அதே இயக்குநர் லோகேஷ் கனகராஜ்தான் பிறகு ‘லியோ’வும் ‘கூலி’யும் எடுத்தார். பட்ஜெட் ஏற ஏற, ஆட்களைப் பற்றிச் சொல்கிற நேரம் குறைந்துகொண்டே வருகிறது என்பது என் அபிப்பிராயம், லோகேஷ் ரசிகர்கள் மன்னிக்கவும்.

சண்டைப்படத்திலிருந்து காதல் ஏன் போனது என்பதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் வேண்டாம். ‘விக்ரம்’ வந்தபோது கமலுக்கு 67 வயது, ‘ஜெயிலர்’ வந்தபோது ரஜினிக்கு 72. அந்த வயதில் சுவிட்சர்லாந்து போய் டூயட் பாடினால் நமக்கே கூச்சமாக இருக்கும். அவர்களுக்குக் கூச்சமாக இல்லாத காலமும் ஒன்று இருந்தது, அதையும் விசிலடித்துத்தான் பார்த்தோம், அது வேறு கதை. ஆக, காதலிக்க முடியாத நாயகனுக்குக் காப்பாற்ற ஒருவர் தேவை. பேரன் வருகிறான், மகள் வருகிறாள், செத்துப்போன மகனோ நண்பனோ வருகிறார்கள். மனைவி இருந்தால் அவளுக்கு வேலை பயப்படுவது மட்டும். ‘ஜெயிலர்’ வீட்டில் ரம்யா கிருஷ்ணன் இருக்கிறார். ‘படையப்பா’வில் ரஜினிக்கு எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தவர் அவர், இங்கே அவரைக் கவலைப்பட வைத்தே படத்தை முடித்துவிட்டார்கள். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு காபி குடித்துப் பேசுகிற மாதிரி ஒழுங்காக ஒரு காட்சி இருந்திருந்தால் நீங்கள் இரண்டாம் பாதியில் முழித்திருப்பீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இனி உங்கள் வீட்டம்மா கேட்டது. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதத்தையே போடுகிறேன். “லவ்வு எங்க கீது?”

‘லவ் டுடே’யில் பெண்ணின் அப்பா சத்யராஜ், ஒரே ஒரு நாள் இரண்டு பேரும் ஃபோனை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். பிரமாதமான முடிச்சு, பொறாமையாக இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், படம் ஆரம்பிக்கும்போதே அவர்கள் காதலர்கள். எப்படிக் காதல் வந்தது, அவளுடைய எந்தப் பேச்சில் இவன் விழுந்தான், அதெல்லாம் நமக்கு வேண்டாத விஷயம் என்று தள்ளிவிட்டு நேராகச் சந்தேகத்துக்குப் போய்விடுகிறார்கள். அது சந்தேகத்தைப் பற்றிய படம், நல்ல படம். ‘டிராகன்’ 48 அரியரைப் பற்றிய படம். காட்பாடிப் பக்கம் பி.இ. படித்த பையன்களோடு உட்கார்ந்து பார்த்தேன், அரியர் எண்ணிக்கை வந்தபோது கிளம்பிய கைதட்டல் எந்தக் காதல் காட்சிக்கும் கிளம்பவில்லை. அதில் மனசில் நின்றதும் அப்பாவாக வரும் ஜார்ஜ் மரியான்தான், இரண்டு கதாநாயகிகளும் இல்லை. ஆகவே உங்கள் வீட்டம்மா தேடியதில் தப்பில்லை, அது அங்கே இல்லை.

‘குட் நைட்’ ஏன் உங்களுக்குப் பிடித்தது என்றால், அதில் காதல் கல்யாணத்தோடு முடியாமல் கல்யாணத்துக்கு அப்புறம் நடக்கிறது. தன் குறட்டை அவள் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்று நாயகன் மோகன் படுகிற பாடு, தூக்கம் கெட்டாலும் அதை வெளியே காட்டாமல் அவள் சமாளிப்பது, இவ்வளவுதான் கதை. வில்லனும் இல்லை, சாதி பார்க்கும் அப்பாவும் இல்லை, ஒரு மூக்கு. ‘லப்பர் பந்து’ பார்க்கவில்லை என்றால் வீட்டில் எல்லோருமாகப் பாருங்கள். கல்யாண வயதில் மகள் இருக்கிற ‘கெத்து’ என்கிற ஆள் (தினேஷ்), பெண்டாட்டிக்கு (சுவாசிகா) தெரியாமல் கிரிக்கெட் ஆடப் போகிறான். வயசுப் பிள்ளைகளின் காதலும் அதில் இருக்கிறது, ஆனால் தினேஷும் சுவாசிகாவும் ஒருத்தரையொருத்தர் முறைத்துக்கொள்ளும் இடங்களில்தான் எனக்குக் காதல் தெரிந்தது.

‘அமரன்’ உங்கள் வீட்டில் பிடித்துப்போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. மேஜர் முகுந்த் வரதராஜன் 2014இல் ஷோபியானில் வீரமரணம் அடைந்தார் என்பது டிக்கெட் வாங்குவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும், முடிவில் ஒரு சஸ்பென்ஸும் கிடையாது. படத்தை அவர் மனைவி இந்துவின் பக்கமிருந்து சொல்கிறார்கள், அதனால் ஒவ்வொரு துப்பாக்கிச் சத்தத்துக்கும் இந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கிறது.

அந்தப் படத்துக்கு என் பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கூட்டிப்போயிருந்தேன். கம்மவான்பேட்டைக்காரர், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் போய் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர் அது. சுபேதாராக இருந்து ரிட்டயர் ஆனவர். சுடுகிற காட்சிகளையெல்லாம் பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் வருவதையும் போவதையும் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் ஃபோனில் பேசுகிற இடம் வந்தபோதுதான் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். அடுத்த ஃபோன் காட்சியில் மறுபடியும் துடைத்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். வெளியே வந்து டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார்: “எங்க காலத்துல லெட்டர் போய்ச் சேரவே பத்து நாள் ஆகும்பா. நான் அங்கேர்ந்து கோவமா ஒண்ணு எழுதிப் போடுவேன். அவ அழுது பதில் எழுதி அது என் கைக்கு வர்றப்ப, நான் எதுக்குக் கோவப்பட்டேன்னே எனக்கு ஞாபகம் இருக்காது. திரும்ப உக்காந்து, கோவம்லாம் ஒண்ணுமில்லன்னு எழுதுவேன். அதுக்கு இன்னும் பத்து நாளு.” ஒரு சண்டை முடிய ஒரு மாசம். டீயை ஆற்றியபடி சிரித்தார்.

நான் வீட்டுக்கு வந்து அந்த ஒரு மாசத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது வருகிற காதல் படங்களில் சண்டை வந்த மறு நிமிஷம் பிளாக் செய்துவிடுகிறார்கள், அடுத்த பாட்டுக்குள் சேர்ந்துவிடுகிறார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை, அந்த அம்மா பத்து பத்து நாளாக இங்கே என்ன பாடுபட்டிருப்பார் என்று அவரிடம் நான் கேட்கவும் இல்லை. ஆனால் படத்தில் இரண்டு பேர் காத்திருப்பதைக் காட்டினால்தான் நாமும் அவர்களோடு உட்கார்ந்து காத்திருப்போம். ‘அமரன்’ காத்திருக்க வைத்தது, உங்கள் வீட்டம்மா கண்டுபிடித்துவிட்டார். ரசனை இல்லையா என்று இனிமேல் கேட்காதீர்கள்.

கேட்டில் நிறுத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை, மறுபடி பணம் போகக் கூடாது என்பதற்காக. இப்போது யு/ஏ சர்டிபிகேட்டையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த எண் பெற்றோருக்கான எச்சரிக்கை, கூட்டிப்போவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். ஏ என்று போட்டிருந்தால் மட்டும் 18 வயது ஆகாதவர்களை அப்பா அம்மாவோடு போனாலும் விடமாட்டார்கள். புக் செய்யும்போதே அது கண்ணில் படும், படத்தின் பெயர் பக்கத்திலேயே இருக்கும். தியேட்டர்க்காரர் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை, ஆனால் டிக்கெட் விற்கும்போது வாய்திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது நியாயம்தான்.

அடுத்த மாதப் படத்தை உங்கள் வீட்டம்மா தேர்ந்தெடுக்கட்டும். பார்த்துவிட்டு வந்து கடிதமும் அவர்களே எழுதட்டும், நீங்கள் எப்படியும் தூங்கியிருப்பீர்கள்.

அன்புடன்,
சத்துவாச்சாரியிலிருந்து.