கோடைமழை பெய்த ஐந்தாம் நாள்: பெங்களூரில் காளானும் காட்டுப்பூவும்

வாசகர் கேள்வி: நாங்கள் பெங்களூரில் ஜே.பி. நகரில் வசிக்கிறோம். மே மாத விடுமுறைக்கு என் அக்காவின் பிள்ளைகள் சேலத்திலிருந்து வருகிறார்கள். அவர்களுக்குக் காளான்களையும் காட்டுப்பூக்களையும் காட்ட வேண்டும் என்று ஆசை. இந்த வெயிலில் ஏதாவது கிடைக்குமா? எங்கே போகலாம்? பறித்துச் சமைக்கலாமா?

பதில்: நாட்காட்டியைப் பார்த்து நாள் குறிக்காதீர்கள், மழையைப் பார்த்துக் குறியுங்கள். பெங்களூரில் மே மாதத்தில் மட்டும் சராசரியாக 100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மண் நன்றாக ஊறும் அளவுக்கு ஒரு கோடைமழை பெய்துவிட்டால், அதன் பிறகு வரும் மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரம், பத்து நாள் வரை காளான் தேடுவதற்கு ஏற்ற காலம். காலை ஏழு மணிக்கு முன்பே கிளம்புவது நல்லது. மென்மையான காளான்கள் வெயில் ஏறினால் சுருண்டுவிடும்.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. கோடைமழை பெரும்பாலும் இடியோடுதான் வருகிறது என்பதால் அந்தக் கவனிப்பில் பிழையில்லை. ஆனால் காளானை முளைக்கச் செய்வது ஈரம்தான். உதாரணத்துக்குப் புற்றுக்காளானைப் பாருங்கள். கறையான்கள் மென்று விழுங்கிக் கழித்த மரத்தூளின் மேல் ஒரு பூஞ்சையை மண்ணுக்கடியில் பயிர்போல் வளர்க்கின்றன. மழைநீர் இறங்கி மண் இளகியதும் அந்தப் பூஞ்சை நீண்ட வேர் போன்ற தண்டை மேலே செலுத்தி, தரைக்கு வெளியே குடை விரிக்கிறது. ஆகவே புற்றைச் சுற்றியுள்ள தரையைக் கவனியுங்கள். புற்றின் துளைக்குள் குழந்தைகள் கையை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அங்கே பாம்பு குடியிருக்கக்கூடும்.

மழை ஏமாற்றிவிட்டாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. பட்டுப்போன மரங்களிலும் வெட்டிப் போட்ட கிளைகளிலும் தட்டுத் தட்டாக ஒட்டியிருக்கும் கெட்டியான காளான்கள் வெயிலையும் தாங்கும். அவற்றில் விசிறி வடிவில், வெண்சாம்பல் நிறத்தில், விரல்நகம் அளவுக்கு இருக்கும் ஒன்றைக் கட்டாயம் தேடுங்கள். காய்ந்தால் அதன் அடிப்புற மடிப்புகள் இரண்டாகப் பிளந்து உள்நோக்கிச் சுருண்டுகொள்ளும். தண்ணீர் பட்டால் சில மணி நேரத்தில் மீண்டும் விரியும். தண்ணீர்ப் புட்டியோடு போய்ப் பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை காட்டினால் போதும், அடுத்த நடைக்கு அவர்களே உங்களை எழுப்புவார்கள்.

முதல் நடைக்குக் கப்பன் பூங்கா பொருத்தமானது. அங்குள்ள மூங்கில் புதர்களின் அடியிலும் பழைய மரங்களின் தூரிலும் பாருங்கள். காட்டுப்பூவுக்கு உங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத, கனகபுரா சாலைப் பக்கமுள்ள துரஹள்ளிக் காடு மேலானது. வனத்துறை அனுமதிக்கும் நேரத்தில் மட்டும், பாதையை விட்டு விலகாமல் நடங்கள். மழைக்குப் பின் நிலப்பனையின் மஞ்சள் பூ ஆறு இதழ்களோடு மண்ணை ஒட்டியே பூத்திருக்கும். விஷ்ணுகிரந்தியின் சிறிய நீலப்பூ நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும் என்பதால் அதற்கும் காலையே நேரம். ஆவாரையும் தும்பையும் சேலத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமானவைதாம். செங்காந்தளை மட்டும் இப்போது எதிர்பார்க்க வேண்டாம். அது தென்மேற்குப் பருவமழையில் பூப்பது. பன்னேர்கட்டா தேசியப் பூங்காக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். யானைகள் நடமாடும் இடம் என்பதையும் மறக்க வேண்டாம். நகரத்துக்குள்ளும், காற்றோடு மழை வந்தால் பெரிய மரங்களின் அடியில் ஒதுங்காதீர்கள்.

இனி சமையல். கூடாது என்பதே என் பதில். வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் நல்ல காளான், பூச்சி கடித்திருந்தால் நல்ல காளான், மஞ்சள் போட்டு வேகவைத்தால் விஷம் முறியும் என்பவை எல்லாம் பொய். பூங்காப் புல்வெளிகளில் மழைக்குப் பின் எழும் பெரிய வெள்ளைக் குடை ஒன்று உண்ணக்கூடியதைப் போலவே தோன்றும். சாப்பிட்டவர்கள் சில மணி நேரத்தில் கடும் வாந்திக்கு ஆளாவார்கள். அதன் குடையை வெள்ளைத்தாளின் மேல் அடிப்புறம் படும்படி வைத்து, டம்ளரால் மூடி, இரவு முழுவதும் விட்டால் பச்சை நிறத் தூள் படிந்திருக்கும். பிள்ளைகளோடு இதைச் செய்து பார்க்கலாம். தொட்டால் விஷம் ஏறாது, கையைக் கழுவினால் போதும். உயிரைக் கொல்லும் வகைகள் இன்னும் வஞ்சகமானவை. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் செய்யாமல் இருந்து, பிறகு வாந்தியும் பேதியும் வந்து, குணமானதுபோல் காட்டி, அதற்குப் பின் கல்லீரலைச் சிதைக்கும். யாராவது தவறிச் சாப்பிட்டுவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல், மிச்சக் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

காளான் குழம்புதான் பிள்ளைகளின் ஆசை என்றால், ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் காளான் ஆய்வகத்தில் சிப்பிக்காளான் விதை விற்கிறார்கள். அவித்து ஆறவைத்த வைக்கோலோடு அதைப் பையில் அடைத்து நிழலில் வைத்தால், நான்கு வாரத்துக்குள், அதாவது பிள்ளைகள் ஊர் திரும்பும் முன்பே, முதல் அறுவடை எடுத்துவிடலாம்.