தொழில்நோய்க்கு இழப்பீடு: உங்கள் கேள்விகளும் பதில்களும்

பதில்களுக்கு முன் ஒரு அடிப்படை விஷயம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்நோய்களை மூன்று பகுதிகளாகப் பிரிக்கிறது. 'ஏ' பகுதி நோய்களுக்கு, அந்த வேலையில் இருந்தாலே போதும், இத்தனை நாள் என்ற கணக்கு இல்லை. மருத்துவமனைத் தொற்று, ஈய நஞ்சு, ஆர்கனோ பாஸ்பரஸ் பூச்சிமருந்து நஞ்சு எல்லாம் இதில் வரும். 'பி' பகுதிக்கு ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். இரைச்சலால் காது கேளாமை, தோல் நோய்கள், குரோமியம், பென்சீன் நஞ்சு, தொழில்வழி ஆஸ்துமா இதில் உண்டு. 'சி' பகுதி பெரும்பாலும் தூசியால் வரும் நுரையீரல் நோய்கள். இதற்குப் பல முதலாளிகளிடம் பார்த்த வேலையும் சேரும். எவ்வளவு காலம் என்பதை மத்திய அரசு தனித்தனியே குறிக்கிறது.

நோய், வேலை, காலம் மூன்றும் பொருந்திவிட்டால் அந்த நோய் வேலையால் வந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் பாடு. ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்திலும் இதே முறைதான். 2025 நவம்பர் 21 முதல் இரண்டு சட்டங்களும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. பட்டியலின் அமைப்பும் கணக்கிடும் வழியும் மாறவில்லை.

கேள்வி (கோவை): சார், அப்பா 19 வருஷமா ஸ்பின்னிங் மில்லில் கார்டிங் (பஞ்சைச் சிக்கெடுக்கும்) பிரிவில் இருக்கிறார். வார லீவு முடிந்து போகிற அன்று நெஞ்சு இறுக்கமும் மூச்சிரைப்பும் அதிகம். எக்ஸ்ரே நார்மல். டிஸ்பென்சரியில் பீடி பழக்கத்தால் வந்த ஆஸ்துமா என்று எழுதிவிட்டார்கள். இது பஞ்சு நோய்தானா?

பதில்: லீவு முடிந்த முதல் நாள் கூடுவதுதான் பஞ்சுத்தூசி நோயின், அதாவது பிசினோசிஸின், முக்கிய அடையாளம். சாதாரண ஆஸ்துமா கிழமை பார்த்து வராது. இந்த நோயில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். நிறைய கோரிக்கைகள் விழுவது இந்த இடத்தில்தான்: கல் தூசி நோய்க்கு எடுக்கிற எக்ஸ்ரேயை இதற்கும் எடுத்துவிட்டு, "ஒன்றும் இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள்.

தேவைப்படுவது ஸ்பைரோமெட்ரி, அதாவது மூச்சை ஊதி அளக்கும் சோதனை, அதுவும் ஒரே நாளில் இரண்டு முறை. வார லீவு முடிந்த நாளில் ஷிப்ட் தொடங்குவதற்கு முன் ஒன்று, ஷிப்ட் முடிந்ததும் ஒன்று. முதல் ஒரு விநாடியில் ஊதித்தள்ளும் காற்றின் அளவு மாலையில் குறைந்திருந்தால் அது வலுவான சான்று. இன்ஹேலர் பயன்படுத்துகிறார் என்றால், சோதனைக்கு எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மருந்தே அந்த வித்தியாசத்தை மறைத்துவிடும். பல வருஷமாக முற்றிய நோயில் இந்த ஏற்ற இறக்கம் போய், மூச்சுத் திறன் நிரந்தரமாகவே குறைந்திருக்கும். அப்போது பழைய சீட்டுகளில் "திங்கட்கிழமை அதிகம்" என்று எழுதியிருப்பதுதான் கைகொடுக்கும்.

டிஸ்பென்சரி டாக்டரிடம் வேலை வரலாற்றை எழுதச் சொல்லுங்கள். "மில் தொழிலாளி" என்று மட்டும் எழுதினால் போதாது. பஞ்சை உடைத்துச் சுத்தம் செய்யும் புளோரூமா, கார்டிங்கா, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்று இருக்க வேண்டும். அங்கிருந்து ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கும், பிறகு சென்னை கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ.யில் உள்ள தொழில்நோய் மையத்துக்கும் பரிந்துரை கேளுங்கள். தொழில்நோயா, எத்தனை சதவீத இழப்பு என்பதை முடிவு செய்வது தனி மருத்துவ வாரியம். வாரியத்தின் முடிவில் உடன்பாடில்லை என்றால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

பீடியைப் பொறுத்தவரை, புகைத்தார் என்பதாலேயே உரிமை போய்விடாது. ஆனால் வாரியம் கட்டாயம் கேட்கும். மறைக்க வேண்டாம்; மறைத்தது தெரிந்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி (அதே வாசகர்): வாரியம் முடிவு சொல்லும் வரை வருமானத்துக்கு என்ன வழி சார்?

பதில்: தகுதி இருந்தால் நோய்க்காலப் பயன் வாங்கலாம். கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. தொழில்நோய் என்று முடிவானால் ஊனப் பயன் கூலியில் 90 சதவீத விகிதம். அதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. நோய்க்காலப் பயனுக்கு உண்டு. இரண்டையும் குழப்பி, "உங்களுக்குச் சந்தா போதவில்லை" என்று கவுண்டரில் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. கேட்பது ஊனப் பயன் என்று மனுவில் தெளிவாக எழுதுங்கள்.

கேள்வி (கரூர்): ஐயா, என் வீட்டுக்காரர் மூன்று கல்குவாரி, ஒரு கிரஷர் என்று 14 வருஷம் வேலை பார்த்தார். ஈ.எஸ்.ஐ. கிடையாது, சம்பளச் சீட்டும் கிடையாது. டி.பி. மருந்து இரண்டு தடவை முழுசா சாப்பிட்டும் மூச்சு வாங்குகிறது.

பதில்: அம்மா, சிலிக்கோசிஸ் இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தழும்பு போடுகிறது. அது எக்ஸ்ரேயில் பார்க்க டி.பி. மாதிரியே தெரியும், டி.பி. எளிதாகப் பற்றவும் வழி செய்கிறது. இரண்டும் சேர்ந்திருந்தாலும் சட்டப் பட்டியலில் இடமுண்டு; அடிப்படை நோய் சிலிக்கோசிஸ் என்று மருத்துவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அரசு மருத்துவக் கல்லூரியின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போய், பழைய எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை முடிவுகள், டி.பி. சிகிச்சை அட்டை எல்லாவற்றையும் காட்டுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வகைப்பாட்டின்படி எக்ஸ்ரேயைப் படித்து எழுதித் தரக் கேளுங்கள். "பழைய டி.பி. தழும்பு" என்று ஒரே வரியில் முடித்த அறிக்கையை வைத்துக்கொண்டு வழக்கு நடத்த முடியாது.

அடுத்தது வேலைச் சான்று. நோயை நிரூபிக்க முடியாமல் தோற்பவர்களைவிட, வேலையை நிரூபிக்க முடியாமல் தோற்பவர்களே அதிகம். பி.எஃப். எண், வங்கியில் கூலி விழுந்த வரிகள், அட்வான்ஸ் நோட்டு, வெடி வைக்கும்போது காயம்பட்டிருந்தால் அந்த மருத்துவச் சீட்டு, குவாரியில் எடுத்த போட்டோ என எதையும் தூக்கிப் போடாதீர்கள். கூட வேலை பார்த்த இரண்டு மூன்று பேரின் சாட்சியம் முக்கியம். உலர்த் துளைப்பா, தண்ணீர் தெளித்துத் துளைத்தார்களா, கிரஷரில் எந்த இடத்தில் நின்றார் என்று அவர்கள் விவரமாகச் சொல்ல வேண்டும்.

மூன்று குவாரி என்பது தடையல்ல. இது 'சி' பகுதி. யார் எவ்வளவு தர வேண்டும் என்று மனுவை விசாரிக்கும் தொழிலாளர் துறை ஆணையரே பிரித்துவிடுவார். ஒப்பந்ததாரரின் ஆளாக இருந்திருந்தால் குவாரி எடுத்த முதன்மை முதலாளியையும் சேர்க்கலாம். மனு போடுவது தொழிலாளர் இணை அல்லது துணை ஆணையரிடம். குவாரி வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதியிலேயே போடலாம். அதற்கு முன் முதலாளிகள் எல்லோருக்கும் எழுத்தில் அறிவிப்பு அனுப்பி, கிடைத்ததற்கான ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சேலம்): ஈ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு எவ்வளவு வரும்? எனக்கு வயது 45, சம்பளம் 28,000.

பதில்: கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரி 3 முதல் அது மாதம் 15,000. உங்கள் 28,000 அங்கே 15,000 ஆகிவிடும். முழு நிரந்தர இயலாமை என்றால் அதில் 60 சதவீதமான 9,000-ஐ வயதுக்கான காரணியால், அதாவது ஒவ்வொரு வயதுக்கும் சட்டம் குறித்திருக்கும் எண்ணால், பெருக்க வேண்டும். 45 வயதுக்குக் காரணி 169.44, ஆக 15,24,960 ரூபாய். சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனது என்று மருத்துவர் மதிப்பிட்டால் 4,57,488. இறந்துவிட்டால் 60-க்குப் பதில் 50 சதவீதம். வயது ஏற ஏறக் காரணி குறையும், 40-க்கு 184.17, 50-க்கு 153.09. இழப்பீடு தர வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்கவில்லை என்றால் 12 சதவீத வட்டி, தகுந்த காரணம் இல்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதம். இரண்டையும் மனுவிலேயே கேளுங்கள்.

ஈ.எஸ்.ஐ.யில் மொத்தத் தொகை அல்ல, ஆயுள் முழுக்க மாதாமாதம். தினக்கூலி 600 என்றால் முழு விகிதம் 540; 20 சதவீத இழப்புக்கு நாளுக்கு 108. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர் அதே நோய்க்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது.

கேள்வி (சோமனூர்): அண்ணா, 11 வருஷம் தறி ஓட்டுகிறேன். காது மந்தம். டெஸ்ட் எடுத்தேன், சதவீதம் பூஜ்யம் என்கிறார்கள். எப்படி?

பதில்: இரைச்சல் முதலில் அரிப்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். சதவீதம் போடுவது பேச்சு கேட்கும் தாழ்ந்த அலைவரிசைகளை வைத்து. ஆரம்பத்தில் நோய் இருக்கும், சதவீதம் இருக்காது. காது டெஸ்டின் வரைபட நகலை வாங்கி வைத்துக்கொண்டு, வருஷம் ஒருமுறை மறுபடி எடுங்கள். சோதனைக்கு முன் 16 மணி நேரமாவது தறிச்சத்தம் படக்கூடாது. ஷிப்ட் முடிந்த கையோடு போனால் தற்காலிக மந்தம் என்று தள்ளிவிட இடம் கொடுப்பீர்கள். இது 'பி' பகுதி, ஒரே முதலாளியிடம் ஆறு மாதம். வேறு தறிக்கூடத்துக்கு மாறினால் கணக்கு புதிதாகத் தொடங்கும். மாறும் முன் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

கேள்வி (மதுரை, செவிலியர்): ஊசி குத்திவிட்டால் என்ன பதிவு வேண்டும்?

பதில்: அன்றைக்கே சம்பவப் பதிவேட்டில் நேரம், வார்டு, ஊசி வகையுடன் பதிவு செய்யுங்கள். அன்றைக்கே ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனையும் எடுங்கள். முதல் நாள் முடிவு 'இல்லை' என்று இருந்தால்தான், பிறகு வந்த தொற்று வேலையில் வந்தது என்று நிற்கும். இதில் அரசு, தனியார் என்ற பேதம் இல்லை.

கேள்வி (திருப்பூர்): டெய்லர் வேலையில் மணிக்கட்டு நரம்பு அழுத்தம், இடுப்பு வலி. இதற்கு உண்டா மேடம்?

பதில்: இந்தியப் பட்டியலில் தசை, எலும்பு, மூட்டு நோய்கள் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2010 பட்டியலில் மணிக்கட்டுப் பிரச்சினை இருக்கிறது. அதைக் காட்டி இங்கே பணம் வாங்க முடியாது. பட்டியலில் இல்லாத நோய் என்றால், வேலையில் நடந்த குறிப்பிட்ட ஒரு விபத்தால் நேரடியாக வந்தது என்று காட்ட வேண்டும். வருஷக்கணக்கில் மெல்ல வந்த வலிக்கு அது கிட்டத்தட்ட நடக்காது. வழக்குக்குச் செலவழிக்காமல் சிகிச்சையையும் நோய்க்காலப் பயனையும் பாருங்கள்.

கேள்வி (சென்னை): கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் கம்பெனியை விட்டுப் பல வருஷம் கழித்து நோய் தெரிந்தால்?

பதில்: வேலையை விட்ட இரண்டு வருஷத்துக்குள் அறிகுறி தெரிந்தால், அறிகுறி கண்ட நாளே சம்பவ நாள்; அதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு. கல்நார் நோய்க்கு அந்தக் காலம் எந்த மூலைக்கு? பத்து, இருபது வருஷம் கழித்தே வரும். தாமதத்துக்குப் போதிய காரணம் இருந்தால் ஆணையர் மன்னிக்கலாம். நோய் உறுதியான தேதியுள்ள அறிக்கையை இணையுங்கள். கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம் அல்லது விலகியதிலிருந்து 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் உத்தரவிட்டது. அவற்றைத் தாக்கல் செய்யச் சொல்லி ஆணையரிடம் மனு கொடுங்கள்.

கேள்வி (ஈரோடு): டாக்டர் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கு நோயைத் தெரிவித்துவிட்டார். இழப்பீடு தானாக வருமா?

பதில்: வராது. அது தொழிற்சாலையை ஆய்வு செய்வதற்கான அறிவிப்பு. பணத்துக்கு நீங்கள் தனியாகக் கேட்க வேண்டும். ஆனால் நல்ல சாட்சி, நகல் வாங்குங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): கம்பெனி 50,000 தருகிறது, "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று கையெழுத்துக் கேட்கிறது.

பதில்: இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டத்தில் செல்லாது. சமரசம் என்றால் ஆணையரிடம் பதிவாக வேண்டும், தொகை போதாது என்றால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் மனு போடலாம். வெற்றுத் தாளில் மட்டும் போடாதீர்கள். பின்னால் அது ராஜினாமாக் கடிதமாக வந்து நிற்கும்.