மகள் மென்பொருள் தரத்தில் ஆய்வு செய்யப் போகிறாள் என்றால் பயப்பட வேண்டுமா?

தருமபுரத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம். மகள் வவுனியா பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறார், இறுதி வருட ஆய்வுக்கு மென்பொருளின் தரத்தை அளப்பது பற்றித் தலைப்பு எடுத்திருக்கிறார், அதைக் கேட்ட சொந்தக்காரர் ஒருவர் "அது பிழை பார்க்கிற வேலை, கோடிங் வராத பிள்ளைகள்தான் அதற்குப் போவார்கள்" என்று சொல்லிவிட்டார், அதிலிருந்து உங்களுக்கு நித்திரை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன், பிள்ளை எடுத்தது நல்ல தலைப்பு. மாற்றச் சொல்லி நெருக்காதீர்கள்.

அந்த வேலை என்னவென்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். நெல் கொள்வனவு செய்கிற இடத்துக்கு ஒரு மென்பொருள் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்கக் கூடாது, இதுதான் விதி. எழுதியவர் 12ஐக் கொடுத்துப் பார்க்கிறார், எடுக்கிறது. 17ஐக் கொடுக்கிறார், திருப்புகிறது. நிரலின் எல்லா வரியும் ஓடிவிட்டது, கவரேஜ் (சோதனையில் நிரலின் எவ்வளவு பங்கு ஓடியது என்ற கணக்கு) நூறு சதவீதம் என்று கருவியும் காட்டுகிறது. ஆனால் அவர் "14க்கு மேல்" என்று எழுத வேண்டிய இடத்தில் கை தவறி "14உம் அதற்கு மேலும்" என்று எழுதியிருந்தால்? இரண்டு சோதனையிலும் அது பிடிபடாது. வெயிலில் காயப் போட்டுச் சரியாக 14க்குக் கொண்டுவந்த கமக்காரரின் மூட்டைகள்தான் திரும்பிப் போகும்.

இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. சரியான நிரலில் வேண்டுமென்றே சின்னச் சின்னப் பிழைகளைப் புகுத்தி, நம் சோதனைகள் அவற்றைக் கண்டுபிடிக்கின்றனவா என்று பார்ப்பது. மியூட்டேஷன் டெஸ்டிங் என்பார்கள். டெமில்லோ, லிப்டன், சேவார்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1978இல் எழுதிய கட்டுரையிலிருந்து இன்றுவரை இது ஆராய்ச்சியாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் பெரிய நிரலில் இப்படிப் புகுத்தினால் ஆயிரக்கணக்கான மாற்று நிரல்கள் வரும், அத்தனையையும் ஓட்டிப் பார்க்க நேரம் பத்தாது, எதை விடலாம் எதை விடக்கூடாது என்பது இன்னும் தீராத கேள்வி. கோடிங் வராத பிள்ளை இதற்குள் கால் வைக்கவே முடியாது, அம்மா. அடுத்தவர் எழுதிய நிரலை வாசித்து, அது எங்கே உடையும் என்று யோசிக்கிற பிள்ளை, எழுதியவரைவிடக் கூடுதலாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

1996 ஜூன் 4ஆம் தேதி ஏரியான் 5 ராக்கெட் புறப்பட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வெடித்துச் சிதறியது. பழைய ஏரியான் 4இல் ஒழுங்காக ஓடிய நிரலைத்தான் அதிலும் போட்டிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகத்தைக் காட்டும் எண் பெரிதாக வர, நிரலில் அதற்கு ஒதுக்கியிருந்த 16 பிட் இடத்துக்குள் அது அடங்கவில்லை. பிழை பார்க்கிற வேலை சின்ன வேலை என்று சொன்ன உறவினருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இனி மகளுக்கு. தங்கச்சி, இந்தத் துறையில் எண்ணுவது சுலபம், எதற்கு எண்ணுகிறோம் என்று சொல்வதுதான் கஷ்டம். ஒரு நிரல் எத்தனை வழிகளாகக் கிளை பிரிகிறது என்று காட்ட மெக்கேப் என்பவர் 1976இல் தந்த சிக்கல் அளவைக் கருவி ஒரு நொடியில் கணக்கிட்டுத் தரும். அந்த எண்களை அட்டவணையாக அடுக்கிவிட்டு ஆய்வு முடிந்தது என்று கொடுக்கிறவர்கள் நிறையப் பேர், தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மென்பொருள் அளவீட்டு ஆய்வாளர் விக்டர் பசிலி சொன்ன ஒழுங்கு இன்றும் நல்லது: முதலில் நோக்கம், பிறகு கேள்வி, அளவு கடைசியில். பெரிய கம்பனி தரவு தந்தால்தான் ஆய்வு என்று நினைத்து மனம் தளரவும் வேண்டாம். டிஃபெக்ட்ஸ்ஃபோர்ஜே (Defects4J) என்ற தொகுப்பில் உண்மையான ஜாவா திட்டங்களில் வந்த உண்மையான பிழைகள், திருத்தத்தோடும் சோதனையோடும் இலவசமாக இருக்கின்றன. தருமபுரத்தில் வீட்டிலிருந்தே இறக்கலாம், இணைப்பு மந்தமென்றால் கம்பஸில் இறக்கிக்கொண்டு வாருங்கள்.

வேலை விஷயம். கியூஏ (தர உறுதிப்பாடு) பொறியியலாளர், டெஸ்ட் ஆட்டோமேஷன் (சோதனைகளைத் தானாக ஓட வைப்பது) என்ற பெயர்களில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஆள் எடுக்கிறார்கள், சில நிறுவனங்கள் வீட்டிலிருந்து செய்யவும் விடுகின்றன. என் அபிப்பிராயம், பட்டம் முடிந்ததும் ஓரிரண்டு வருடம் அப்படி ஓரிடத்தில் வேலை செய்துவிட்டு அப்புறம் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பதுதான் நல்லது. உண்மையான பிழை எங்கிருந்து வருகிறது, அவசரத்தில் எதைத் தவிர்க்கிறார்கள் என்று கண்ணால் பார்த்த பிள்ளைக்கு நல்ல கேள்வி தானாக வரும். வெளிநாட்டில் கலாநிதிப் படிப்புக்குப் பல இடங்களில் கட்டணமில்லை, மாதாமாதம் உதவித்தொகையும் தருவார்கள், ஆகவே காணியை ஈடு வைக்க வேண்டி வருமோ என்று இப்போதே யோசிக்காதீர்கள். வகுப்புச் சித்தி நன்றாக இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் எழுத வர வேண்டும், இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

சான்றிதழ் வகுப்பு என்று யாராவது பெரிய காசு கேட்டால் இப்போதைக்குக் கட்ட வேண்டாம். மென்பொருள் சோதனைக்கான சர்வதேசச் சான்றிதழான ஐஎஸ்டிகியூபி (ISTQB) அடிப்படைத் தேர்வின் பாடத்திட்டம் இணையத்தில் சும்மா கிடக்கிறது, வாசித்தாலே போதும், வேலை கிடைத்த பிறகு எழுதிக்கொள்ளலாம். கையில் காசு இருந்தால் மடிக்கணினிக்கு மெமரி கூட்டிக் கொடுங்கள், அந்த மாற்று நிரல்களை ஓட்ட அது உதவும்.