பதில்: அமெரிக்கத் துப்பறியும் டிவி தொடரான 'கொலம்போ'வில் ஒயின் வியாபாரி கொலைகாரனாக வரும் எபிசோட் எது?

நீங்கள் தேடுவது 1973-இல் வந்த 'எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்', மூன்றாவது சீசன். ஒயின் தயாரிப்பாளர் ஏட்ரியன் கார்சினியாக வருபவர் டொனால்ட் பிளசன்ஸ், ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வழுக்கைத்தலை வில்லன் புளோஃபெல்டாக வந்தாரே, அவரேதான். பெயர் ஞாபகமில்லை என்று நீங்கள் கேட்டீர்களே, கார்சினியின் செக்ரட்டரியாக வரும் நடிகை, அவர் ஜூலி ஹாரிஸ். நாடக மேடையில் நடிப்புக்காக மட்டும் 5 டோனி விருது வாங்கியவர்.

என்னைக் கேட்டால் எபிசோடைத் தூக்கி நிறுத்துவதே அவர்தான். முதலாளிக்காகப் பொய் சொல்லிவிட்டு, அப்புறம் அதையே காட்டி அமைதியாக அவரைக் கல்யாணத்துக்கு நெருக்குகிற இடத்தில் குரல் கொஞ்சம்கூட உயராது, ஆனால் ஜெயிலே தேவலை என்று பிளசன்ஸுக்குத் தோன்றுவது நமக்குப் புரிந்துவிடும். கெட்டுப்போன ஒயினை வாயில் வைத்ததும் ரெஸ்டாரண்டில் பிளசன்ஸ் கத்துகிற காட்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கொலைக்குக்கூட அவ்வளவு பதறாத ஆள்!

இது பிடித்திருந்தால் அடுத்து அதே தொடரில் 'பை டான்ஸ் எர்லி லைட்' (By Dawn's Early Light) எபிசோடைப் பாருங்கள். ராணுவப் பள்ளி கமாண்டராக வரும் பேட்ரிக் மகூகனுக்கு முதல் எம்மி (அமெரிக்க டிவி விருது) கிடைத்தது அதில்தான்.