இடைவேளையில் கேளுங்கள்

(பதில் சொல்பவர்: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைக் கணக்குப்பிள்ளை. படம் பார்த்துவிட்டு நோட்டில் விமர்சனம் எழுதுவது பொழுதுபோக்கு.)

கே: பட்டறையில் கணக்கு எழுதுகிறவருக்கு விமர்சனம் எழுதும் பைத்தியம் எப்படிப் பிடித்தது?
– வாசகர், அம்மாபேட்டை

ப: பைத்தியம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் எனக்கு வேலை மிச்சம். எத்தனை ஜோடிக் கொலுசு போயிற்று, சேதாரம் எவ்வளவு என்று எழுதும் அதே நீள நோட்டில், பின்பக்கத்திலிருந்து விமர்சனம் எழுத ஆரம்பித்தேன். முன்பக்கம் முதலாளிக்கு, பின்பக்கம் எனக்கு. ஒருநாள் இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டதில் முதலாளி கண்ணில் பட்டுவிட்டது. திட்டுவார் என்று பார்த்தால், "இந்தப் படம் நானும் பார்த்தேன்யா, நீ எழுதினது தப்பு" என்றார். அரை மணி நேரம் சண்டை போட்டோம். எனக்குக் கிடைத்த முதல் வாசகர் அவர்தான்.

அப்போதெல்லாம் தியேட்டர் இருட்டிலேயே எழுதுவேன். வெளியே வந்து பார்த்தால் ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறி உட்கார்ந்திருக்கும். அப்படித்தான் ஒரு குடும்பப் படத்தைக் குதறி வைத்தேன். 'அப்பா பாத்திரம் சும்மா வந்து போகிறது' என்று ஒரு வரி. அடுத்த வாரம் ஒரு பத்திரிகையில் விமர்சகர் ஒருவர் எழுதியிருந்தார்: அந்த அப்பா படம் முழுக்க எங்கேயுமே உட்காருவதில்லை, காபிகூட நின்றபடிதான் குடிக்கிறார், மகள் கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கும்போதுதான் திண்ணையில் உட்காருகிறார் என்று. எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே மேட்னிக்கு ஓடினேன். ஆமாம், மனிதர் நின்றுகொண்டேதான் இருக்கிறார். முதல் தடவை நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். படத்தின் பெயரைக் கேட்காதீர்கள், இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அன்றோடு இருட்டில் பேனாவைத் திறப்பதில்லை. படம் விட்டதும் நேராகத் தட்டுவடை செட் கடை. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் கேரட், பீட்ரூட் துருவல், வெங்காயம், சட்னி. அதைத் தின்று முடித்த பிறகும் எந்தக் காட்சி மண்டைக்குள் நிற்கிறதோ அதை மட்டும் எழுதுவேன். சில படங்கள் முதல் கடியிலேயே காணாமல் போய்விடும்.

கே: உங்களுக்குப் பிடித்த விமர்சகர்கள் யார்?
– வாசகி, ஓமலூர்

ப: கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' எழுதினார். கச்சேரியைக் கிண்டலடித்தாலும் அந்த ஆள் ரசித்துக் கேட்டிருக்கிறார் என்பது தெரியும். ரசிக்கத் தெரியாதவன் கிண்டல் வெறும் வயிற்றெரிச்சல்தானே.

அப்புறம் தியடோர் பாஸ்கரன். விமர்சகர் என்பதைவிடச் சினிமா வரலாற்றாசிரியர் என்பதுதான் சரி. அஞ்சல் துறையில் பெரிய அதிகாரியாக இருந்துகொண்டே தமிழ் சினிமாவின் பழைய கதையைத் தோண்டி எடுத்தவர். அவருடைய 'பாம்பின் கண்' ஆங்கில மூலத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே இதையும் செய்யலாம் என்பதற்கு எனக்கு அவர்தான் சாட்சி. வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் அவர் பெயரைத்தான் இழுப்பேன்.

வெளிநாட்டில் என்றால் ரோஜர் ஈபர்ட். 1967இலிருந்து சிகாகோவில் ஒரே பத்திரிகைக்கு எழுதியவர். சினிமா விமர்சனத்துக்குப் புலிட்சர் பரிசு வாங்கிய முதல் ஆள், 1975இல். புற்றுநோயால் 2006இல் பேச்சே போய்விட்டது. ஆனாலும் 2013இல் இறக்கும்வரை எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு ஜலதோஷம் பிடித்தால் அந்த வாரப் படத்துக்கு லீவு. இவரை நினைத்தால் கூச்சமாக இருக்கும்.

கே: நீங்கள் ஏன் மார்க் போடுவதில்லை?
– வாசகர், குகை

ப: பட்டறைக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். வெள்ளிக்கு டச் உண்டு. 80 டச் என்றால் 100 கிராமில் 80 கிராம் சுத்த வெள்ளி, மீதி செம்பு போலக் கலப்பு. உருக்கிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். படத்தை எந்த உலையில் போட்டு உருக்குவது? விகடன் '16 வயதினிலே' படத்துக்கு 62.5 கொடுத்ததை இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம். சரி, அந்த அரை மார்க் எந்தக் காட்சிக்கு என்று யோசித்து யோசித்து நான் தூக்கம் கெட்டிருக்கிறேன்.

கே: நான் ஏற்காட்டில் இருக்கிறேன். விமர்சனம் எழுத ஆசை. ஆனால் படம் பார்க்கச் சேலம் இறங்கி வரவேண்டுமே?
– கல்லூரி மாணவி, ஏற்காடு

ப: இறங்கி வாங்கம்மா, 20 கொண்டை ஊசி வளைவுதானே. திரும்ப ஏறும்போது தலை சுற்றாமல் எந்தக் காட்சி நினைவில் இருக்கிறதென்று பாருங்கள், அதை எழுதுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளைமாக்ஸ் பார்க்காமல் எழுதிய விமர்சனம் என்னிடமே மூன்று இருக்கிறது.

வழியில் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவு வரும், ஜன்னல் சீட்டில் உட்காருங்கள். டி.ஆர். சுந்தரத்தின் ஸ்டுடியோ இருந்த இடம். மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' 1938இல் வந்தது, எடுத்தது இந்தக் கம்பெனிதான். பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் போட்ட 'உத்தம புத்திர'னும் (1940) தமிழின் முதல் கலர் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) படமும் இவர்களுடையவைதான். இன்றைக்கு மிஞ்சியிருப்பது வளைவு ஒன்றுதான். செல்ஃபி எடுப்பவர்களில் பாதிப் பேருக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. நீங்கள் எழுதுங்களேன்.

கே: ஓசி டிக்கெட் உண்டா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

ப: இல்லை. அதனால்தான் வாய் நீளம்.

கே: உங்கள் விமர்சனத்தை வீட்டில் யாராவது படிக்கிறார்களா?
– வாசகி, அஸ்தம்பட்டி

ப: வீட்டுக்காரம்மா படிப்பார். போன மாதம் ஒரு படத்தின் பாடல் காட்சிகளைப் பற்றி முக்கால் பக்கம் எழுதி, நானே இரண்டு தடவை படித்து மெச்சிக்கொண்டு, அவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "பாட்டு வந்தப்பல்லாம் நீங்க வெளிய எந்திரிச்சுப் போயிட்டீங்களே?" என்றார். அந்த முக்கால் பக்கத்தை அடித்துவிட்டேன்.